‘யூசர்’ யாருங்க?

இந்த வாரம் மெயில் பெட்டியைத் திறந்ததும் முதல்ல கண்ணுல பட்டது ஒரு புலம்பல். சிதம்பரத்துல பி.காம். மூணாவது வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர், கடலூர்ல ஒரு ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் போறாராம். ‘அண்ணே, ஷேர்டு ஃபோல்டர்ல இருக்குற எக்ஸெல் ஃபைலைத் திறந்தா, யூசர்ங்கிறவர் எடிட் பண்ணிக்கிட்டிருக்கார், லாக் ஆகியிருக்குன்னு மெசேஜ் வருது. ஆபீஸ்ல இருக்குற ஆறு பேரையும் கேட்டாச்சு. யாரும் அந்த ஃபைலைத் தொடலைங்கிறாங்க. யாருண்ணே அந்த யூசர்? பூட்டை உடைச்சுத் திறந்துடலாமா?’

தம்பி, அவசரப்படாதீங்க. உடைக்க வழி இருக்கு. ரெண்டு நிமிஷ வேலைதான். ஆனா அதே ரெண்டு நிமிஷ வேலையைச் செஞ்சு நான் ஒரு பல்பு வாங்கியிருக்கேன். கொஞ்சம் வாட்ஸ் ஜாஸ்தியான பல்பு. முதல்ல அதைக் கேட்டுடுங்க.

வருஷம் 2008. சிதம்பரத்துல படிச்சுக்கிட்டே, லீவு கிடைக்கிற நாள்ல எல்லாம் கடலூர் மஞ்சக்குப்பத்துல ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய்க்கிட்டிருந்தேன். விழுப்புரம் - மயிலாடுதுறை பாதையை அகலப்பாதையா மாத்திக்கிட்டிருந்த நேரம், அதனால ரயில் கிடையாது. பு.முட்லூர், புதுச்சத்திரம்னு பஸ்ல ஆடி ஆடிப் போய்ச் சேரணும். ஆபீஸ்ல மொத்தம் அஞ்சு கம்ப்யூட்டர். அதுல கொஞ்சம் புதுசா இருந்த ஒண்ணை மேஜைக்கு அடியில தள்ளிவிட்டு, அதுக்கு ‘சர்வர்’னு பேர் வெச்சிருந்தாங்க. உள்ளே ஓடினது சாதாரண விண்டோஸ் எக்ஸ்பி. மாலையைப் போட்டா மாப்பிள்ளை, ஃபோல்டரை ஷேர் பண்ணினா சர்வர். அவ்ளோதான் மேட்டர்!

ஜூலை கடைசி வாரம். வருமான வரி ரிட்டர்னுக்கு 31-ம் தேதி கடைசி நாள். கிளையன்ட் பேர், வருமானம், பிடிச்ச டி.டி.எஸ்., பேங்க் அக்கவுன்ட் நம்பர்னு எல்லாமே ஒரே ஒரு எக்ஸெல் ஃபைல்ல. அஞ்சு பேருக்கும் அதே ஃபைல் வேணும், அதுவும் இப்பவே வேணும். மத்தியானம் நான் திறக்கப் போனேன். உங்களுக்கு வந்த அதே மெசேஜ். அதே யூசர்! ‘யாராவது வெச்சிருக்கீங்களா?’ன்னு குரல் கொடுத்தேன். மூணு பேர் தலையை ஆட்டினாங்க. நாலாவது ஆளான அக்கா சாப்பிடப் போயிருந்தாங்க.

நான்தான் கம்ப்யூட்டர் படிக்கிற பையனாச்சே, சும்மா இருப்பேனா? நேரா சர்வர் முன்னாடி போய் உட்கார்ந்து, மை கம்ப்யூட்டர்ல ரைட் கிளிக், மேனேஜ், ஷேர்டு ஃபோல்டர்ஸ், ஓப்பன் ஃபைல்ஸ். லிஸ்ட்ல நம்ம ஃபைல் இருந்துது. ரைட் கிளிக், குளோஸ் ஓப்பன் ஃபைல். பூட்டு தெறிச்சுது. பக்கத்து சீட்டுக்காரர் ‘பரவால்லியே’ன்னார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு, என் பங்குக்குப் பன்னெண்டு பேரோட விவரத்தை அடிச்சு சேவ் பண்ணிட்டேன்.

அக்கா வந்தாங்க. அவங்க ஸ்க்ரீன்ல அந்த ஃபைல் காலையிலேர்ந்து திறந்தே இருந்திருக்கு. மூணு மணி நேரம் அடிச்சதை சேவ் பண்ணாம மினிமைஸ் பண்ணிட்டு சாப்பிடப் போயிருக்காங்க. (சேவ் பண்ணாதது தப்புதான். ஆனா பசிக்குறப்போ யாருக்கு கன்ட்ரோல் எஸ் ஞாபகம் வரும்?) இப்போ சேவ் அடிச்சா, ‘இந்த ஃபைலை வேற யாரோ மாத்தியிருக்காங்க. காப்பியா சேவ் பண்ணவா, அவங்க மாத்தினதை அழிச்சு மேலேயே எழுதவா?’ன்னு கேக்குது. அக்கா அதை நிறுத்தி நிதானமா வாய்விட்டுப் படிச்சாங்க. அப்புறம் என் பக்கம் திரும்பி, ‘தம்பி, நீ ஏதாச்சும் பண்ணியா?’ன்னாங்க.

அவங்க ஓவர்ரைட்டை அமுக்கியிருந்தா என்னோட பன்னெண்டும் காலி. அவங்க காப்பியா சேவ் பண்ணினாங்க. ஒண்ணும் அழியலை, ஆனா ஒரே பேர்ல ரெண்டு உண்மை உண்டாயிடுச்சு. ரெண்டையும் பிரின்ட் எடுத்து, ஸ்கேல் வெச்சு வரிவரியா டிக் அடிச்சோம். சிதம்பரம் பஸ்ஸை விட்டுடுவோமோங்கிற பயத்துல கடைசிப் பக்கத்தை நான் வேகமா ஓட்டினேன். ரிட்டையர்டு வாத்தியார் ஒருத்தரோட வரியில, அக்கா காப்பியில டி.டி.எஸ். தொகை இருந்துது, என் காப்பியில அந்தக் கட்டம் காலி. நான் வெச்சது என்னோடதை.

சில மாசம் கழிச்சு அந்த வாத்தியாருக்கு வரி கட்டச் சொல்லி நோட்டீஸ். ஏற்கெனவே அவர்கிட்ட பிடிச்சுட்ட வரி! மஞ்சப்பையில கவரைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறி வந்து பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். ‘நான் ஒரு பைசா பாக்கி வெச்சதில்லையேம்மா’ன்னு அக்காகிட்ட திரும்பத் திரும்பச் சொன்னார். அவங்க என் பக்கமே பார்க்கலை. ‘எங்க தப்பு சார், சரி பண்ணிடறோம்’னு மட்டும் சொன்னாங்க. ஆடிட்டர் சார் திருத்த மனு போட்டு அதைச் சரிக்கட்டிட்டார், அது வேற விஷயம். அந்த ‘எங்க’ங்கிற வார்த்தை எனக்கு இன்னும் கேக்குது.

சரி, இப்போ டெக்னிக்கலுக்கு வருவோம்.

நான் உடைச்சது என்ன பூட்டு? கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல ‘மியூச்சுவல் எக்ஸ்க்ளூஷன்’னு 16 மார்க்குக்கு எழுதிக் குவிச்சிருப்பீங்க. 1965-ல டைக்ஸ்ட்ரா எழுதின சமாச்சாரம். ஒருத்தர் மாத்திக்கிட்டிருக்கும்போது இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது. அப்படி வெச்சா, ரெண்டு பேர்ல ஒருத்தர் செஞ்சது சத்தமில்லாம காணாமப் போகும். புத்தகத்துல இதுக்குப் பேர் ‘லாஸ்ட் அப்டேட்’. பரீட்சைக்காக மனப்பாடம் பண்றப்போ, அது மஞ்சப்பையோட பெஞ்சுல வந்து உட்காரும்னு எனக்குத் தோணவே இல்லை.

விண்டோஸ்ல எக்ஸெல் ஒரு ஃபைலை எடிட் பண்ணத் திறக்கும்போது, ‘படிக்கிறவங்க படிச்சுக்கட்டும், வேற யாரும் எழுதக் கூடாது’ன்னு சர்வர்கிட்ட சொல்லி வெச்சுடும். அதுதான் நிஜப் பூட்டு. அது இருக்கிறது சர்வரோட நினைவுல. அதோட, அதே ஃபோல்டர்ல ஒளிஞ்சிருக்குற ஒரு சின்ன ஃபைலையும் உண்டாக்கும். பேரோட ஆரம்பத்துல ஒரு வளைஞ்ச கோடு, ஒரு டாலர் குறி: ~$. அந்தச் சின்ன ஃபைல் பூட்டு இல்லை, பூட்டு மேல தொங்குற பேர் அட்டை. உங்களுக்கு வந்த ‘யூசர்’ அந்த அட்டையில எழுதியிருந்த பேர்தான்.

அது ஏன் யூசர்? ஆபீஸ் மென்பொருளை முதல்முதல்ல போட்டப்போ என்ன பேர் கொடுத்தாங்களோ அதுதான் அட்டையில வரும். நம்ம ஊர்ல அஸெம்பிள் பண்ணிக் கொடுக்குற அண்ணன் அஞ்சு மெஷின்லயும் ஒரே பேரைத்தான் அடிப்பார். யூசர், அட்மின், இல்லைன்னா அவரோட கடைப் பேரு! ஒரு தெருவுல இருக்குற அஞ்சு வீட்டு வாசல்லயும் ‘வீட்டுக்காரர்’னு போர்டு மாட்டினா போஸ்ட்மேன் என்ன பண்ணுவார்? எக்ஸெல்ல ஃபைல், ஆப்ஷன்ஸ், ஜெனரல்னு போனா கீழே யூசர் நேம்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல அவங்கவங்க பேரைப் போட்டா, பாதிப் பிரச்னை அன்னிக்கே முடிஞ்சுது.

பூட்டைப் பத்திப் பேசும்போது சிதம்பரத்துக்காரங்க ஒரு பழைய கதையை ஞாபகப்படுத்திக்கலாம். தேவார ஏடுகள் கிடைச்ச கதை. உமாபதி சிவாச்சாரியார் பேர்ல வழங்குற ‘திருமுறை கண்ட புராணம்’ சொல்றது இது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி மூலமா, ஏடுகள் எல்லாம் தில்லைக் கோயில்ல ஒரு அறையில பூட்டியிருக்குன்னு சோழ ராஜாவுக்குத் தெரியவருது. (அந்த ராஜா முதலாம் ராஜராஜன்னு சொல்ற வழக்கம் உண்டு. திருநாரையூர், நம்ம கடலூர் மாவட்டத்துல காட்டுமன்னார்கோயில் பக்கத்துல இருக்கு.) அங்கே போனா, அறைக் கதவுல சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூணு பேரோட கை முத்திரை. ‘பூட்டினவங்க மூணு பேரும் வந்தால்தான் திறப்போம்’னு கோயில்காரங்க சொல்லிட்டாங்க. மூணு பேரும் மறைஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு!

நம்ம பாஷையில சொன்னா, ஃபைல் லாக்டு. ஓனர் ஆஃப்லைன்ல இருக்கார், இனிமே லாகின் பண்ணவும் மாட்டார். ராஜாகிட்ட படை இருந்துது, கதவை இடிச்சுத் தள்ளியிருக்கலாம். அவர் இடிக்கலை. மூவரோட திருவுருவங்களையும் அலங்காரம் பண்ணி ஊர்வலமா எடுத்துக்கிட்டு வந்து, ‘இதோ வந்துட்டாங்க’ன்னு நிறுத்தினார். கதவு திறந்துது. உள்ளே ஏடுகள் மேல புற்று மூடியிருந்துது. எண்ணெய் ஊத்திப் புற்றைக் கரைச்சு எடுத்தா, பெரும்பகுதி செல்லரிச்சுப் போயிருந்துது. மிஞ்சினதுதான் இன்னிக்கு நாம பாடுற தேவாரம்னு புராணம் சொல்லுது.

இந்தக் கதையை ஆன்மிகப் பக்கத்துல நூறு தடவை படிச்சிருப்பீங்க. நான் சிஸ்டம் அட்மின் கண்ணோட படிக்கிறேன். கோயில்காரங்க கேட்ட கேள்வி, ‘பூட்டினவர் இருக்காரா, இல்லையா?’ங்கிற சரியான கேள்வி. 2008-ல நான் கேட்காம விட்டது அதைத்தான். இன்னொண்ணு, அவ்வளவு பெரிய பொக்கிஷத்துக்கு ஒரே ஒரு காப்பி, அதுவும் பூட்டின ரூம்ல. பேக்கப் இல்லாத சர்வர் ரூம் அன்னிக்கே இருந்திருக்கு!

ஆக, தம்பி, உங்க முதல் வேலை யூசர் உயிரோட இருக்காரான்னு பார்க்கிறது.

சர்வர்ல உட்காருங்க. அட்மின் பாஸ்வேர்டு வேணும், கேட்டு வாங்குங்க. நான் சொன்ன அதே ஷேர்டு ஃபோல்டர்ஸ் இன்னிக்கு விண்டோஸ் 11-லயும் இருக்கு. கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட்டுக்குள்ளே தேடுங்க. ஓப்பன் ஃபைல்ஸ்ல, ஃபைல் பேருக்குப் பக்கத்துல யார் திறந்திருக்காங்கன்னு லாகின் பேர் வரும். எல்லாரும் ஒரே லாகின்ல நுழையுற ஆபீஸா இருந்தா அங்கேயும் ஒரே பேர்தான் வந்து கடுப்பேத்தும். அப்போ அதுக்கு மேலே இருக்குற செஷன்ஸைப் பாருங்க. எந்தக் கம்ப்யூட்டர்லேர்ந்து வந்திருக்காங்க, எவ்வளவு நேரமா சும்மா இருக்காங்கன்னு அதுல தெரியும். கம்ப்யூட்டர் பேரையோ ஐ.பி. நம்பரையோ குறிச்சுக்கிட்டு, எழுந்து அந்த சீட்டுக்கு நடந்து போங்க. நெட்வொர்க் பிரச்னையில பாதி நடந்து தீர்க்கிறதுதான். எந்தக் காலேஜ் லேப்லயும் இதைச் சொல்லித் தர மாட்டாங்க.

ஓப்பன் மோடுங்கிற காலத்தையும் கவனிங்க. அதுல ‘ரீட்’னு மட்டும் இருந்தா, அங்கே யாரும் எடிட் பண்ணாமலேயே ஃபைல் சிக்கியிருக்கலாம். இதுல பெரிய கில்லாடி விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரோட ப்ரிவ்யூ பேன். யாரோ ஃபைல் மேல ஒரு தடவை கிளிக் பண்ணியிருப்பாங்க, வலப்பக்கம் அதோட முகம் தெரியும், அந்த முகத்தைக் காட்டறதுக்காகவே எக்ஸ்ப்ளோரர் ஃபைலைக் கையில பிடிச்சுக்கிட்டிருக்கும். அவரைக் கேட்டா, சத்தியமா திறக்கலைன்னுதான் சொல்வார். அவர் சொல்றதும் உண்மைதான்! ஷேர்டு ஃபோல்டர் வெச்சிருக்குற ஆபீஸ்ல ஆல்ட் பி அமுக்கி அந்தப் பேனை மூடி வைக்கிறது நல்லது. ஆன்ட்டி வைரஸும் பேக்கப் மென்பொருளும் இதே மாதிரி கொஞ்ச நேரம் பிடிச்சு வைக்கும். ஆனா அதுங்க தானா விட்டுடும், ஒரு டீ குடிச்சுட்டு வந்தா போதும்.

ஒரு எச்சரிக்கை. யார் பிடிச்சு வெச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்க ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர், 2022-ல பவர்டாய்ஸ்ல சேர்த்த ஃபைல் லாக்ஸ்மித்னு நல்ல கருவிகள் இருக்கு. ரெண்டுமே இலவசம். ஆனா அதுங்க, அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளே எந்த புரோகிராம் பிடிச்சிருக்குன்னுதான் சொல்லும். நெட்வொர்க்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு மெஷின்ல திறந்திருக்கிறதை உங்க மெஷின்ல தேடினா கிடைக்காது. திருப்பாதிரிப்புலியூர்ல தொலைச்சதை ஓல்டு டவுன்ல தேடற கதைதான்.

சரி, போய்ப் பார்த்தா அந்த சீட்டுல யாரும் இல்லை, கம்ப்யூட்டரும் அணைஞ்சு கிடக்கு. ஆனா சர்வர் மட்டும் ‘அவர் இருக்கார்’னு அடம்பிடிக்குது. இது பேய்ப் பூட்டு. திரையை விலக்கினா வெட்டவெளி! கரன்ட் போறதைப் பத்திக் கடலூர்க்காரங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ல தானே புயலைப் பார்த்தவங்க நாம. அடுத்த வருஷம் பவர் கட்டுல வெந்தவங்களும் நாமதான். நம்ம ஆபீஸ்ல யு.பி.எஸ். சர்வருக்கு மட்டும்தான் இருக்கும். கரன்ட் போனா மத்த மெஷின் எல்லாம் ‘போயிட்டு வரேன்’னு சொல்லாம செத்துப்போகும், சர்வர் மட்டும் முழிச்சிருக்கும். அதுக்கு யார் போய்ச் சொல்றது? எதிர்முனையில ஆள் இல்லைன்னு அதுவா தட்டிப் பார்த்துத் தெரிஞ்சுக்கிற வரைக்கும் பூட்டு அப்படியே நிக்கும்.

இதுக்கு உடைக்கிறதை விட சுலபமான வழி ஒண்ணு இருக்கு. செத்த மெஷினை மறுபடி ஆன் பண்ணி, அதே ஷேர்டு ஃபோல்டரைத் திறங்க. அதே ஆள் திரும்பி வந்ததும் சர்வர் பழைய கணக்கை மூடிட்டுப் புதுக் கணக்கு ஆரம்பிக்கும். பெரும்பாலும் பூட்டு தானா விழுந்துடும். ராஜா செஞ்ச அதே டெக்னிக்தான், பூட்டினவரையே கூட்டிக்கிட்டு வர்றது!

அதுக்கப்புறமும் லாக்டுன்னு வந்தா, அநாதையா நிக்கிற பேர் அட்டையைத் தேடுங்க. எக்ஸ்ப்ளோரர்ல ஹிட்டன் ஐட்டம்ஸைக் காட்டச் சொன்னா அந்த ~$ ஃபைல் தெரியும். வேர்டுல ஃபைல் பேர் நீளமா இருந்தா முதல் ரெண்டு எழுத்து வெட்டுப்பட்டு இருக்கும், குழம்பிடாதீங்க. இது ஒரு நல்ல பரிசோதனையும்கூட. வேர்டோ எக்ஸெல்லோ எங்கேயாவது நிஜமாவே திறந்திருந்தா, அந்த அட்டையை அழிக்க விண்டோஸ் பெரும்பாலும் விடாது. சுலபமா அழிஞ்சா ஆள் அங்கே இல்லைன்னு அர்த்தம். லிப்ரே ஆபீஸ்காரங்க மட்டும் இந்தச் சோதனையை நம்ப வேணாம். அதோட லாக் ஃபைல், ஆள் இருந்தாலும் அழியும்.

எல்லாம் பார்த்தாச்சு, கடைசியா குளோஸ் ஓப்பன் ஃபைல்தான் வழின்னு முடிவு பண்ணிட்டீங்களா? முதல்ல ஃபைலை ஒரு காப்பி எடுத்து, தேதி போட்டுத் தனியா வைங்க. லாக் ஆகியிருந்தாலும் படிக்கிறதுக்கு விடுமே, காப்பி எடுக்கலாம். அப்புறம் ‘இன்ன ஃபைலை மூடப் போறேன்’னு ஆபீஸ் முழுக்கக் கேக்குற மாதிரி சத்தமா சொல்லுங்க. சாப்பிடப் போனவங்களுக்கு ஒரு போன். வேலைக்காரி மாதிரி ஒரு பட்டன் எக்ஸெல்லயே இருக்கு, யாரும் மதிக்கிறதில்லை: ரீட் ஒன்லிக்குப் பக்கத்துல ‘நோட்டிஃபை’. அதை அமுக்கினா, அவங்க மூடினதும் உங்களுக்குச் சேதி வரும். நான் அன்னிக்கு அதை அமுக்கிட்டுப் பக்கத்துக் கடையில டீ குடிச்சிருக்கலாம்.

இன்னும் ரெண்டு வில்லங்கம் இருக்கு, பூட்டு மாதிரியே தெரியும் ஆனா பூட்டு கிடையாது. ஒண்ணு பர்மிஷன். எக்ஸெல் சேவ் பண்றப்போ பழைய ஃபைல் மேல எழுதறதில்லை. முதல்ல புதுசா ஒரு தற்காலிக ஃபைலை எழுதும், பழசை அழிக்கும், அப்புறம் புதுசுக்குப் பழைய பேரை வைக்கும். ‘யாரும் எதையும் டெலீட் பண்ணக் கூடாது’ன்னு உஷாரா டெலீட் உரிமையை எடுத்துட்ட ஃபோல்டர்ல இந்த நடுவேலை மாட்டிக்கும். சேவ் ஆகலைன்னு திட்டும், ஃபோல்டர் பூரா எக்ஸ்டென்ஷன் இல்லாத எட்டெழுத்துப் பேர் ஃபைல்கள் குட்டி போட்டிருக்கும். இதைப் பார்த்தா லாக்கைத் தேடாதீங்க, உரிமையைச் சரி பண்ணுங்க.

இன்னொண்ணு ஓப்லாக். ஹாஸ்டல்ல ஃப்ளோருக்கு ஒரே அயர்ன் பாக்ஸ் இருக்கும்ல? வேற யாரும் கேட்காத வரைக்கும் உங்க ரூம்லயே வெச்சுக்கலாம், யாராவது கதவைத் தட்டினா வேலையை முடிச்சுக் கொடுத்துடணும். ஓப்லாக்கும் அப்படித்தான். ‘இப்போதைக்கு நீ ஒருத்தன்தான், உன் மெஷின்லயே வெச்சு வேலை பாரு’ன்னு சர்வர் அனுமதிக்கும், வேற ஆள் வந்தா திருப்பிக் கேக்கும். கேபிள் லூஸா இருந்தா கதவைத் தட்டற சத்தமே கேக்காது, அந்தப் பக்கம் இருக்கிறவர் ஃபைல் திறக்காம உட்கார்ந்திருப்பார். உடனே சில ‘அனுபவசாலிகள்’, ஓப்லாக்கை அணை, பழைய எஸ்எம்பி ஒண்ணை ஆன் பண்ணுன்னு ஐடியா கொடுப்பாங்க. அந்தப் பழைய வெர்ஷன்ல இருந்த ஓட்டை வழியாத்தான் 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் உலகம் பூரா ஓடிச்சு. ஃபைல் திறக்கலைன்னு வீட்டுக் கதவையே கழட்டி வைக்காதீங்க. முதல்ல கேபிளை மாத்திப் பாருங்க. நூறு ரூபாய் சமாச்சாரம்.

உங்க ஆபீஸ்ல சர்வருக்குப் பதிலா நாஸ்ங்கிற சின்னப் பெட்டி இருந்தா, உள்ளே ஓடறது பெரும்பாலும் சம்பா. வீராணம் ஏரித் தண்ணியில விளையுற நம்ம சம்பா இல்லை! 1991-ல ஆஸ்திரேலியாவுல ஆண்ட்ரூ டிரிட்ஜெல்ங்கிற ஆராய்ச்சி மாணவர் ஆரம்பிச்ச மென்பொருள். எஸ், எம், பி மூணு எழுத்தும் அதே வரிசையில வர்ற வார்த்தையை அகராதியில தேடினப்போ அவருக்குக் கிடைச்ச பேர் இது. அதுல எஸ்எம்பிஸ்டேட்டஸ்னு ஒரு கமாண்ட் அடிச்சா, யார் எந்த ஃபைலைப் பிடிச்சிருக்காங்கன்னு வரிசையா ஒப்பிக்கும்.

‘இந்தக் காலத்துல இதெல்லாம் எதுக்குண்ணே, கூகுள் ஷீட்ஸ் போதாதா?’ன்னு கேட்கலாம். போதும், பல இடத்துக்கு அதான் சரி. ஒன்டிரைவ்ல வெச்சா எக்ஸெல்லயும் ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதலாம். சாதா ஷேர்டு ஃபோல்டர்ல அது நடக்காது. ஆனா கிளையன்ட்டோட பான் நம்பரையும் பேங்க் கணக்கையும் வெளியே ஏத்த மாட்டேன்னு ஒரு ஆடிட்டர் சொன்னா, அதுலயும் நியாயம் இருக்கு. அந்த ஆபீஸுக்கு என் யோசனை சின்னது: ஒரே பூதாகார ஃபைலை ஆளுக்கு ஒண்ணா உடைச்சுடுங்க. அஞ்சு பேர் ஒரே தட்டுல சாப்பிடறதாலதானே கை முட்டுது?

அந்த நோட்டீஸ் வந்த வாரம், மஞ்சக்குப்பம் ஆபீஸ்ல அக்கா ஒவ்வொரு மெஷினா உட்கார்ந்து யூசர்ங்கிறதை அழிச்சுட்டு அவங்கவங்க பேரை அடிச்சாங்க. என் மெஷினுக்கு வந்தப்போ என் பேரைக் கேட்டுத் தப்பில்லாம அடிச்சு, ‘இனிமே நீ தொட்டா உன் பேர் வரும் தம்பி’ன்னு சிரிச்சாங்க. வேற ஒண்ணும் சொல்லலை.

பி.கு.: இந்தப் பக்கம் அச்சுக்குப் போறதுக்குள்ளே இன்டர்ன்ஷிப் தம்பிகிட்டேர்ந்து பதில் வந்துடுச்சு. நான் மெயில்ல சொன்னபடி செஷன்ஸைப் பார்த்திருக்கார். ஆபீஸ்ல ஆள் ஆறு, கம்ப்யூட்டர் ஏழு. ஏழாவது, பிரின்டர் இருக்குற பின்ரூம்ல. முந்தின நாள் சாயங்காலம் யாரோ பிரின்ட் எடுக்க அந்த ஃபைலைத் திறந்துட்டு, மானிட்டரை மட்டும் அணைச்சுட்டு பஸ் பிடிக்க ஓடியிருக்காங்க. யாருன்னு கேட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு வரி பதில்: ‘நான்தாண்ணே.’